ரெண்டே நிமிஷம்

அம்மா: அந்தப் பையை அங்க வைக்காதீங்க. சோபா ஓரத்துல துருத்திக்கிட்டு நிக்கப் போகுது.

அப்பா: பின்ன எங்க வைக்கட்டும்? தலைமேலயா?

அம்மா: வாசக்கதவு பக்கத்துல ஆணி இருக்குல்ல, அதுல மாட்டுங்க. வாரா வாரம் மாட்டுற இடம்தானே. ஷூவையும் அங்கேயே விடுங்க. போனுக்கு அந்தப் பக்கம் தெரியாது.

அப்பா: சரி, சரி. மணி என்ன?

அம்மா: எட்டே முக்கால். ஒன்பதுக்கு டாண்ணு பொண்ணு வீடியோவுல கூப்பிட்டுடுவா. முதல்ல சட்டையை மாத்துங்க. கம்பெனி பேரு போட்ட சட்டையோட ஞாயித்துக்கிழமை காலையில எந்த மனுஷனாவது சொந்த வீட்டு சோபாவுல உட்கார்ந்திருப்பானா?

அப்பா: கொண்டு வந்திருக்கேன். அந்த நீல டி-ஷர்ட்.

அம்மா: ஐயே… என்ன இது, பொட்டலம் பிரிச்ச மாதிரி?

அப்பா: என் ரூம்ல இஸ்திரிப் பெட்டி இல்ல.

அம்மா: இப்படிக் கொடுங்க. ரெண்டு இழுப்பு இழுத்துத் தரேன்.

அப்பா: வேணாம் விடு. வீட்டுல இருக்குறவன் கசங்கின சட்டையோடதான் இருப்பான். இஸ்திரி போட்டாத்தான் சந்தேகம் வரும்.

அம்மா: பத்து மாசமா வேஷம் கட்டிக் கட்டி நல்லா தேறிட்டீங்க.

அப்பா: நீ மட்டும் என்ன? அவ லைன்ல இருக்குற வரைக்கும் வாய் நிறைய 'ஏங்க, ஏங்க'. அவ பேச்சு முடிஞ்ச மறுநிமிஷம் 'இந்தாங்க'. என்னமோ கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனைக் கூப்பிடுற மாதிரி.

அம்மா: … காப்பி குடிக்கிறீங்களா?

அப்பா: வேணாம்.

அம்மா: கலந்துட்டேன்.

அப்பா: சரி, கொடு.

அம்மா: ஐயோ, அந்தச் சோபாவுல உட்காராதீங்க! பின்னாடி அலமாரி காலியா தெரியும். உங்க ஸ்பேனர் பெட்டி, கேபிள் சுருள் எல்லாம் இருந்த இடம். முதல் வாரமே கேட்டாளே, 'அப்பா சாமானெல்லாம் எங்க'ன்னு.

அப்பா: ஆபீஸ்ல லாக்கர் கொடுத்துட்டாங்கன்னு சொன்னேன்.

அம்மா: சொல்லும்போது காதைச் சொறிஞ்சீங்க. நீங்க பொய் சொன்னா காதுல அரிக்கும்னு அவளுக்குத் தெரியாதா? இப்படி வாங்க, எப்பவும் போல பீரோவுக்கு முன்னாடி உட்காருங்க. கண்ணாடி பீரோ முன்னாடி உட்கார்ந்தா ஒரு வம்பும் இல்ல, காலி அலமாரி மறைஞ்சிடும்.

அப்பா: உட்கார்ந்துட்டேன் தாயே. போதுமா?

அம்மா: இன்னிக்குச் சொல்லிடலாம்.

அப்பா: எதை?

அம்மா: எதையா! அடுத்த ஞாயித்துக்கிழமை அவ இங்க இருப்பா. இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வந்து நிப்பா. அன்னிக்கும் இந்த நீலச் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து உட்காரப் போறீங்களா? ராத்திரி படுக்குற நேரம் என்ன சொல்லுவீங்க, கடைக்குப் போயிட்டு வரேன்னா?

அப்பா: வந்து ஒரு வாரம் போகட்டும். பயண அலுப்பு தீரட்டும்.

அம்மா: முதல்ல 'போய் இறங்கட்டும்'னீங்க. அப்புறம் 'ஸ்கூல் பழகட்டும்'. அப்புறம் 'குளிர் தாண்டட்டும்'. 'பரீட்சை முடியட்டும்'. இப்ப அலுப்பா? உங்களுக்கு மாத்தல் ஆர்டர் வந்தாச்சு. ஒண்ணாம் தேதி வேற ஊருல போய் நிக்கணும். அதையும் 'கொஞ்சம் பொறும்மா'ன்னு சொல்லி நிறுத்தி வைக்கப் போறீங்களா?

அப்பா: நீ புரிஞ்சுக்க மாட்டேங்குற. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு உண்மையைச் சொல்லவே கூடாது. இருபத்திரெண்டு வருஷ லிஃப்ட் ரிப்பேர் சர்வீஸ்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். 'ஒரு மணி நேரம் ஆகும்'னு சொல்லிப் பாரு… உள்ள இருக்குறவங்களுக்கு அப்பவே மூச்சு முட்டும். 'இதோ, ரெண்டே நிமிஷம்'னு சொல்லணும். சொல்லிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். எந்த மாடி, என்ன வேலை, எத்தனை பசங்க… வெளியில ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்குற வரைக்கும் பயம் வராது.

அம்மா: அவ லிஃப்டுல மாட்டல. வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருக்கா.

அப்பா: தெரியாத ஊரு, தெரியாத வீடு, யாரோ ஒருத்தரை அம்மான்னும் அப்பான்னும் கூப்பிட்டுக்கிட்டு ஒரு வருஷம். பதினாறு வயசுல. நடுவுல போய் இதைச் சொன்னா எங்க ஓடுவா அவ? யாரு மடியில படுத்து அழுவா?

அம்மா: நானும் ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்குறவதான். மூணு வயசுப் பிள்ளைகிட்டகூட 'வலிக்காது'ன்னு சொல்ல மாட்டேன். 'குத்தும். பத்து எண்ணு, முடிஞ்சுடும்.' அவ்வளவுதான். வலிக்காதுன்னு சொல்லிக் குத்திட்டோம்னு வையுங்க, அடுத்த தடவை அந்தப் பிள்ளை கையைக் கொடுக்காது. அவ எனக்குக் கையைக் கொடுக்கணும். அந்த ஒரே பயம்தான் எனக்கு.

அப்பா: எனக்கு மட்டும் பயம் இல்லையா?

அம்மா: உங்களுக்கென்ன, இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னே தெரியாத ஆளுகிட்ட ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவீங்க. வீட்டுக்கு வந்தாத்தானே வாய்க்குப் பூட்டு.

அப்பா: ஆரம்பிச்சுட்டியா…

அம்மா: ஆரம்பிக்கல. முடிஞ்ச கதை. உண்மையா இல்லையான்னு மட்டும் கேக்குறேன்.

அப்பா: பேசினா சண்டை வருதுன்னுதான் பேசாம இருந்தேன்.

அம்மா: நீங்க பேசாம இருந்ததாலதான் சண்டையே வந்துச்சு.

அப்பா: …

அம்மா: பார்த்தீங்களா? பூட்டு.

அப்பா: சரி. சொல்லிடலாம். ஆனா நீ ஆரம்பி.

அம்மா: ரெண்டு பேரும் சொல்லணும். நீங்க ஆரம்பிங்க, நான் முடிக்கிறேன். 'கண்ணு, நானும் அம்மாவும் கொஞ்ச நாளா தனித்தனியா இருக்கோம்'…

அப்பா: கொஞ்ச நாளா? அவளை ஏத்திவிட்டுட்டு வந்த பதினோராவது நாள் நான் பெட்டி கட்டினேன்.

அம்மா: நாள் கணக்கெல்லாம் அவளுக்கு எதுக்கு? 'எங்களுக்குள்ள வெறுப்பு இல்ல. உனக்கு நாங்க ரெண்டு பேரும் எப்பவும் இருப்போம்.' இதைக் கண்டிப்பா சொல்லணும்.

அப்பா: வெறுப்பு இல்லைதானே?

அம்மா: வெறுப்பா இருந்தா காப்பி கலப்பேனா… போன் அடிக்குது! டம்ளரைக் கீழ வையுங்க. கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம்… நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்.

அப்பா: சிரி.

அம்மா: நீங்க சிரிங்க முதல்ல.

வாயாடி: ஹலோ, ஹலோ! நேத்துல இருந்து பேசுறேன். இன்னிக்கு எப்படி இருக்கு அங்க?

அப்பா: அடடா, வாம்மா வாயாடி! நேத்து எப்படி இருக்கு?

வாயாடி: நேத்து சூப்பரா இருக்குப்பா. சனிக்கிழமை சாயங்காலம், மணி ஏழரை, வெளியில இன்னும் வெயில். அம்மா, நீ ஏன் ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க?

அம்மா: ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறவ அப்படித்தான் உட்காருவா. சாப்பிட்டியா?

வாயாடி: இந்த வீட்டுல எட்டு மணிக்குத்தான் சாப்பிடுவாங்க.

அம்மா: அப்ப அரை மணியில போயிடு. வாரா வாரம் உன் தட்டை மூடி வச்சுட்டு அந்த வீட்டு அம்மா காத்திருக்காங்க. எனக்கே சங்கடமா இருக்கு.

வாயாடி: அதெல்லாம் அவங்களுக்குப் பழகிடுச்சு. சனிக்கிழமைன்னா நான் ஆறின சோறுதான்னு அவங்களுக்கே தெரியும்.

அப்பா: பனி எல்லாம் உருகிடுச்சா?

வாயாடி: எப்பவோ.

அப்பா: என்ன ஆட்டம் ஆடினா தெரியுமா இவ! 'பனி பார்க்கணும், பனி பார்க்கணும்'னு ஒத்தைக்கால்ல நின்னா. ரெண்டு மாசம் தூங்க விடல.

வாயாடி: பார்த்தாச்சு. கால் விரல் பத்தும் சாட்சி. மரத்துப்போய் ஒரு விரல் இன்னும் சரியா பேச மாட்டேங்குது.

அம்மா: கண்ணு, அப்பா உன்கிட்ட ஒரு விஷயம்…

வாயாடி: இரும்மா, இரும்மா! அதுக்கு முன்னாடி என் பெட்டி கதையைக் கேளுங்க. மொத்தம் இருபத்திமூணு கிலோதான் விடுவாங்க. நான் கட்டினது முப்பத்தொண்ணு. மூட முடியல. இங்க இருக்குற அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டுறவங்கன்னு சொல்லியிருக்கேன்ல? அவங்க நேரா வந்து பெட்டி மேல ஏறி உட்கார்ந்துட்டாங்க. அவங்க சைஸ் உங்களுக்குத் தெரியும். பெட்டி மூடிடுச்சு, ஆனா ஜிப்பு தெறிச்சுப் போய் நாய் மேல விழுந்து, அது இன்னும் கட்டிலுக்கு அடியில இருந்து வரல.

அப்பா: ஹஹ்ஹா… எதை வெளிய எடுத்த?

வாயாடி: புத்தகம் எல்லாம்.

அம்மா: படிக்கப் போன பிள்ளை, புத்தகத்தை எடுத்துட்டுத் துணியைக் கொண்டு வருது. நல்லா இருக்கு.

வாயாடி: துணி இல்லம்மா. உங்க ரெண்டு பேருக்கும் வாங்கின சாமான்.

அம்மா: எங்களுக்கா? என்னத்தைடி வாங்கின?

வாயாடி: சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான். ரெண்டா வாங்கினா எடை தாங்காதுன்னு…

அப்பா: …

அம்மா: …

வாயாடி: என்ன, நெட் போயிடுச்சா? ஆடாம இருக்கீங்க?

அப்பா: இல்லம்மா, இருக்கோம். வந்து… நான் என்ன சொல்ல வந்தேன்னா…

வாயாடி: அப்பா, ஒரு ஃபாரம் இருக்கு. அதை முதல்ல முடிச்சிடலாம். திரும்பி வர்றதுக்கான ஃபாரம், இன்னிக்கே அனுப்பணுமாம். படிக்கிறேன், பதில் மட்டும் சொல்லுங்க. ஏர்போர்ட்டுக்கு யாரு வருவாங்க?

அம்மா: நான்…

அப்பா: நான்…

வாயாடி: ரெண்டு பேரும். போட்டுட்டேன். ஒரே வண்டியிலதானே?

அப்பா: ஒரே… ஆமாம்மா. ஒரே வண்டிதான்.

வாயாடி: காதுல என்னப்பா?

அப்பா: கொசு.

வாயாடி: காலையில ஒன்பது மணிக்கா? சரி. அப்பா வேலை, லிஃப்ட் மெக்கானிக். அம்மா வேலை, லேப். அப்பா முகவரி…

அம்மா: கண்ணு…

வாயாடி: அம்மா முகவரி… ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு கட்டம் போட்டிருக்கான்? ஒண்ணுன்னே போட்டுட்டேன். ஆச்சு. அடுத்து இவங்க வீட்டுச் சண்டையைப் பத்திச் சொல்லணும்…

அம்மா: அடுத்தவங்க வீட்டுச் சண்டை நமக்கு எதுக்குடி?

வாயாடி: ரொம்ப முக்கியம்மா. நேத்து இங்க இருக்குற அப்பா அடுப்புல எதையோ வச்சுட்டு மறந்து, வீடு பூரா புகை. அம்மா வந்து கத்துனாங்க பாரு! அவர் திருப்பிக் கத்துறார். தம்பி… அதான் இவங்க பையன்… அவன் பாட்டுக்குக் கார்ட்டூன் பார்க்குறான். 'பயமா இல்லையாடா?'ன்னு கேட்டேன். 'எதுக்கு?'ங்குறான். பத்து நிமிஷம் கத்துனாங்க. முடிஞ்சதும் ஒருத்தர் சோப்பு போட, ஒருத்தர் துடைக்க, சேர்ந்து பாத்திரம் கழுவுறாங்க.

அப்பா: நல்ல ஜனங்க.

வாயாடி: நான் மாடிப்படியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். சண்டை இப்படியும் முடியும்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா.

அம்மா: கண்ணு, நிறுத்து. கொஞ்சம் நிறுத்து. ஏங்க, சொல்லுங்க.

அப்பா: சொல்றேன், சொல்றேன். வாயாடி… நம்ம வீட்டுல… அதாவது எனக்கு மாத்தல் வந்திருக்கு.

வாயாடி: ஓ. எந்த ஊரு? லிஃப்ட் இருக்குற ஊருதானே? மாடி வீடே இல்லாத ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா நீங்க ஏணியைத்தான் ரிப்பேர் பண்ணணும். அப்புறம்…

அம்மா: சிரிக்காத. இங்க பாரு. என் முகத்தைப் பாரு.

வாயாடி: அம்மா, எட்டு மணி ஆகப்போகுது. அடுத்த வாரம் நேர்ல…

அம்மா: இல்ல. நேர்ல இல்ல. இப்பவே. குத்தும்டா கண்ணு. பத்து எண்ணு.

வாயாடி: வேணாம்மா.

அம்மா: நானும் அப்பாவும் இப்ப ஒரே வீட்டுல இல்ல. நீ போன பதினோராவது நாள்ல இருந்து இல்ல. வாரா வாரம் அப்பா உனக்காக இங்க வந்து உட்கார்ந்துட்டுப் போறார். நீ அங்க தனியா இருக்கும்போது உடைஞ்சு போயிடக் கூடாதுன்னு மறைச்சோம். எங்களுக்குள்ள வெறுப்பு கிடையாது. உனக்கு நாங்க ரெண்டு பேரும்… எப்பவும்… ஏங்க, மீதியை நீங்க சொல்லுங்க. எனக்கு வரல.

அப்பா: எப்பவும் இருப்போம்மா. எந்த ஊருல இருந்தாலும்.

வாயாடி: …

அப்பா: வாயாடி?

வாயாடி: …

அப்பா: பேசும்மா. திட்டு. கத்து. அங்க இருக்குறவங்க கத்துறாங்கன்னியே, அந்த மாதிரி கத்து. இப்படி இருக்காத. நீ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லையே…

வாயாடி: எட்டு… ஒன்பது… பத்து.

அம்மா: கண்ணு…

வாயாடி: முடிஞ்சுதாம்மா?

அம்மா: முடிஞ்சுது. மன்னிச்சுக்கோடா.

வாயாடி: எனக்குத் தெரியும்மா.

அப்பா: என்ன தெரியும்?

வாயாடி: உங்க பை இப்ப வாசக்கதவு பக்கத்து ஆணியில தொங்குது. ஷூ கீழ இருக்கு. இடது கால் ஷூ சாய்ஞ்சு கிடக்கு.

அம்மா: எப்படி…?

வாயாடி: திரும்பிப் பாரும்மா. பீரோ கண்ணாடியில.

அம்மா: ஐயோ, கதவே தெரியுதே!

வாயாடி: உங்களுக்குப் பின்னாடி கண்ணாடி. அதுல போனுக்குப் பின்பக்கம் இருக்குறதெல்லாம் தெரியும். கதவு, ஆணி, பை. பத்து மாசமா தெரியுது. மழை பெய்ஞ்ச அன்னிக்கு அந்த ஆணியில குடை தொங்குச்சு. தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. 'எங்கேயும் போகல, காலையில இருந்து வீட்டுலதான்'னு சொன்னீங்க அப்பா.

அப்பா: ஐயோ…

அம்மா: அலமாரி காலியா தெரியக் கூடாதுன்னு நான்தான் இவரை இங்க உட்கார வச்சேன்.

வாயாடி: அது இல்லாட்டியும் தெரிஞ்சிருக்கும்மா. போன மாசம் காப்பி குடிச்சுட்டு அப்பா உன்கிட்ட 'டம்ளரை எங்க வைக்கணும்'னு கேட்டார். சொந்த வீட்டுல யாராவது அப்படிக் கேப்பாங்களா?

அப்பா: முதல் வாரத்துல இருந்தே தெரியுமா உனக்கு?

வாயாடி: பை ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுது. ஆனா… அதுக்கு முன்னாடியே தெரியும்ப்பா.

அம்மா: முன்னாடின்னா?

வாயாடி: போன வருஷம் ஒரு நாள் டியூஷன் இல்லன்னு சீக்கிரம் வந்துட்டேன். குளிச்சுக்கிட்டு இருந்தேன். நான் வரலைன்னு நினைச்சு நீங்க ஹால்ல பேசினீங்க. நீ சொன்னம்மா, 'இவ ஒருத்திக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன், ஸ்கூல் முடியட்டும்'னு. அப்பா சொன்னார், 'எனக்கும் அதேதான்'னு. எனக்குத் தெரிஞ்சு நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அம்மா: கடவுளே… அது அவசரத்துல வர்ற வார்த்தைடி… உன்னைச் சொன்னதா அது…

வாயாடி: குழாயை மூடிட்டு நின்னேன். தலையில சோப்பு. நீங்க அடுப்படிக்குப் போற வரைக்கும் அப்படியே நின்னேன். ஸ்கூல் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சு. ரெண்டு வருஷம் பல்லைக் கடிக்கணுமே, நான் இருக்குறதாலன்னு… அடுத்த நாள் நோட்டீஸ் போர்டுல இந்த எக்ஸ்சேஞ்ச் ஃபாரம் ஒட்டியிருந்தாங்க. ஒரு வருஷம் வேற நாட்டுல படிக்கலாம்னு. நான் இல்லேன்னா நீங்க ஒரு வருஷமாவது பல்லைக் கடிக்க வேண்டாம்ல.

அம்மா: அப்ப அந்தப் பனி…

வாயாடி: எனக்குப் பனி பிடிக்கவே பிடிக்காதும்மா. வேற என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல.

அப்பா: பதினாறு வயசுல… எங்களுக்காகவா போன? நாங்க உனக்காகன்னு… நீ எங்களுக்காகன்னு…

அம்மா: ஏன்டி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல? நான் வாரா வாரம் இங்க உட்கார்ந்து பொய் பொய்யா அடுக்குறேன், நீயும் தலையை ஆட்டிக்கிட்டு…

வாயாடி: நீங்க ரெண்டு பேரும் கிட்ட கிட்ட உட்கார்ந்திருந்தீங்கம்மா. நீ 'ஏங்க'ன்னு கூப்பிட்ட. அப்பா ஜோக் சொன்னார். நீ சிரிச்ச. நான் அங்க இருந்தப்ப நீங்க அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. கேட்டிருந்தா அது நின்னுபோயிருக்கும்.

அம்மா: அழாதடி. அங்க யாராவது இருக்காங்களா பக்கத்துல? அந்தம்மாவைக் கூப்பிடு.

வாயாடி: அவங்க கதவுக்கு வெளியில தட்டோட நிக்கிறாங்க. பரவாயில்ல.

அப்பா: எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே… வாரா வாரம் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு, ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம்… நாய்க்கதை, பெட்டிக்கதை, பக்கத்து வீட்டுக்கதைன்னு ஓயாம… 'சரிம்மா, வைக்கட்டுமா'ன்னு நான் கேட்டாலும் விடாம… எதுக்கும்மா அவ்வளவு பேசின?

வாயாடி: பேச்சை நிறுத்தினா நீங்க எந்திரிச்சுப் போய்ப் பையை எடுப்பீங்கப்பா. அம்மா போனை அணைக்காம அங்கேயே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கிட்டு இருப்பா. எல்லாம் கண்ணாடியில தெரியும். அதான்… நீங்க சொல்ற மாதிரி, இதோ, ரெண்டே நிமிஷம்னு… பேசிக்கிட்டே இருந்தேன்.